விளம்பரப் பலகைக்கு ஏற்ற முகம்

“ஐயோ, போச்சு!”

பூட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று போட்ட கூச்சல் எதிர்வீடு வரை கேட்டது. மேல் இமையில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி.

சவரம் செய்யும்போது மட்டும், அதுவும் அரைக்கண்ணால், கண்ணாடி பார்க்கிற மனுஷர் அவர். முந்தாநாள் சாவிக்கு நகல் எடுக்க வந்த புகைப்படக்கார அம்மாள் அவரையே உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “விளம்பரத்துக்கு உங்க முகம்தான் வேணும். பெரிய பலகையா நாற்சந்தியில வைக்கப்போறோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் அவர் சொல்லாத வீடு இல்லை. நாளைக் காலை படம் எடுக்கிறார்கள்.

“அமுக்கினா போயிடும் மாமா” என்றான் மனைவியின் தம்பி. அமுக்கினான். மிளகு கொண்டைக்கடலை ஆனது.

“தள்ளுடா தடியா!” மனைவி பற்பசையோடு வந்தாள். “பரு அடங்குது, இது அடங்காதா?”

கட்டி அடங்கவில்லை. கண்தான் மூடிக்கொண்டு தாரை தாரையாக நீரைக் கொட்டியது. அலறி அடித்துக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடினார்கள்.

“இமையில எண்ணெய் சுரக்கிற குழாய் அடைச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. யாரு நசுக்கினது?”

மச்சான் சுவரிலிருந்த எழுத்துப் பலகையை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தான்.

“நாளைக்குள்ள போகணும் டாக்டர்! கத்தியாவது வைங்க!”

“கத்தியெல்லாம் இப்ப வேண்டாம். வெதுவெதுப்பான துணியில பத்து நிமிஷம் ஒத்தடம், தினம் நாலு வேளை. கை வைக்காதீங்க. சில வாரத்துல தானா கரையும். இல்லேன்னா வாங்க, பார்க்கலாம்.”

“சில வாரமா! அதுக்குள்ள சந்தியில எவன் மூஞ்சியோ நிக்குமே!”

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரத்து ஒத்தடத்தை ஒரே மூச்சில் கொடுத்து முடித்தார். காலையில் இமை பழுத்துத் தொங்கியது. மனைவி அதன்மேல் பவுடரை அப்ப, மாவில் புரண்ட தக்காளி மாதிரி ஆயிற்று. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார்.

“கண்ணாடியைக் கழட்டுங்க” என்றாள் புகைப்படக்கார அம்மாள்.

“மாட்டிக்கிட்டே எடுத்தா கம்பீரமா இருக்குமேம்மா?”

“கழட்டுங்கன்னா!”

கழற்றினார். உடனே மறுபடி மாட்டிக்கொள்ளப் போனார்.

விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்தான் முதலில் துள்ளினாள். “அக்கா, முந்தாநாள் நீங்க பார்த்த கட்டி கரையவே இல்ல, இன்னும் வளர்ந்திருக்கு! கண் ஆஸ்பத்திரிப் பலகையில ‘சிகிச்சைக்கு முன்’ பக்கத்துக்கு இவரை விட்டா ஆளே கிடையாது!”