ஒரே கண்ட்ரோலரும் முகத்துவாரத்து இறாலும்

அழகுணர்ச்சி உள்ளவனை நிரல் எழுத விடக்கூடாது. விட்டால் என்ன ஆகும் என்று கோட்டைக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

அப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வலைப்பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். நடுநடுவே வசன கவிதை. (இரண்டையும் யாரும் படிக்கவில்லை.) அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் கோட்டைக்குப்பம். அங்கே ஏரியில் யார் எந்த இடத்தில் வலை விடுவது என்பதற்கு முறை உண்டு, பாடு என்பார்கள். இன்று நீ இங்கே, நாளை நான். எல்லோரும் ஏங்கும் இடம் முகத்துவாரம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இறால் ஓடும் வாசல். ஊர்ச் சுற்று முழுக்க முடிந்து, அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவுக்கு அந்த முறை வந்திருந்தது; அதுவும் மழை விட்டு இறால் பொங்கும் சமயத்தில். புது வலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு மனிதர் தூக்கத்திலும் சிரித்தார்.

யாருக்கு எந்த இடம் என்பதை மாலையில் கோயில் மைக்கில் கத்துவார்கள். என் மென்மையான காது அதைப் பொறுக்கவில்லை.

"மாமா, இனிமே போன்லயே பார்த்துக்கலாம். நான் பண்ணித் தரேன்."

"மைக்கு நல்லாத்தானே கீது மச்சான்?"

"என் தம்பி படிச்சவன்யா, செய்யட்டும்" என்றாள் அக்கா. (அந்த வாக்கியத்தை அவள் மறுபடி சொன்னதே இல்லை.)

திரையில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பொத்தான். பொத்தான் வெறும் முகம்தான். தொட்டால் என்ன பதில் சொல்வதென்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கப் பின்னால் கண்ட்ரோலர் என்று ஒன்றை இணைக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனியாக ஒன்று. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவா நான் பிறந்தேன்? ஏரி ஒன்று, வானம் ஒன்று, உப்பும் ஒன்று. கண்ட்ரோலரும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று ஒரே ஒன்றை உருவாக்கி எல்லாப் பொத்தான்களிலும் மாட்டினேன். முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

சோதித்தும் பார்த்தேன். மாமாவின் படகைத் தொட்டேன்: 'நாளை முகத்துவாரம்.' சரி! (சரியாக வந்த பிறகு இன்னொன்றைத் தொட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை.) அந்த ஒற்றைக் கண்ட்ரோலரோ தான் சொன்ன முதல் பதிலையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்று மாலை யார் எந்தப் படகைத் தொட்டாலும் 'நாளை முகத்துவாரம்.' நம் முறை இல்லையே என்று சந்தேகப்பட்டவர்களும், கம்ப்யூட்டரே சொல்கிறது என்று வாயை மூடிக்கொண்டார்கள். கிடைத்த யோகத்தைப் பக்கத்து வீட்டில் யார் சொல்வார்கள்?

விடியும்போது ஊரே முகத்துவாரத்தில் நின்றது. படகோடு படகு இடித்தது.

"இன்னாடா, ஏழுமலை எடத்துல நீ வந்து நிக்கிற?"

"போன்ல முகத்துவாரம்னு போட்டுகீது!"

"எனக்கும் அதான்டா போட்டுகீது!"

வலையோடு வலை பின்னிக்கொண்டது. நிலைமையைப் புரிந்துகொண்ட ஒரே உயிர் இறால்தான்; வேறு பக்கம் போய்விட்டது. நடுவில் ஏழுமலை மாமா, மஞ்சள் காயாத வலையைக் கிழிபடாமல் தூக்கிப் பிடித்தபடி. கரையில் நின்ற எனக்கு, இதை வசன கவிதையாக எழுதலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் எல்லாப் படகுகளும் என் பக்கம் திரும்பின.

முறை போனால் போனதுதான் என்பது ஊர்க் கட்டு. அன்று கூடிய ஊர்க் கூட்டத்தில் மாமா வாய் திறக்கவில்லை. அக்கா திறந்தாள். அவள் ஓய்ந்தபோது ஊர்த் தலைவர் அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார்: "சரிம்மா, நாளைக்கும் ஏழுமலைக்கே முகத்துவாரம். ஆனா இன்னிக்கு மைக்கு கெடையாது. உன் தம்பி ஊடு ஊடா போயி, அவங்கவங்க எடத்த அவங்கவங்ககிட்ட தனித்தனியா சொல்லிட்டு வரட்டும்."

போனேன். நிரலில் எழுத அலுப்புப்பட்டதையெல்லாம் மணலில் நடந்து, வாசல் வாசலாக, நாய்களுக்கு நடுவே ஒப்பித்தேன். எந்தப் பொத்தானும் என்னை அப்படித் திட்டியதில்லை.

மறுநாள் மாமா கூடை நிறைய இறாலோடு வந்தார். வீடு முழுக்கத் தொக்கு மணம். எனக்கு மட்டும் அக்கா ரசம் ஊற்றினாள்.

போன தையில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற உரிமையில், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த தாலித் தட்டை வாங்கக் கை நீட்டினேன். மணவறையிலிருந்து மணப்பெண் கத்தினாள்:

"நைனா, தட்ட மாமா கைல குடுத்துடாத! மண்டபத்துல கீற எல்லாப் பொண்ணுக்கும் என் பக்கத்துல குந்திகீற இவரே மாப்ளனு ஆயிடும்!"

ஏழுமலை மாமா சட்டென்று தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை.