ஜெயாவின் தலை எண்ணெயும் தனுஜாவின் மெஷினும்

மதிப்பிற்குரிய மச்சான் பக்கிரிசாமி அவர்களுக்கு,

ஆயர் ஈத்தாம் பிளாட்டிலிருந்து உங்கள் தங்கச்சி ஜெயாவின் புருஷன் வாசு கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. சுங்கை பாக்காப்பில் நீங்களும் அக்காவும் நெய் கொடுக்கும் உங்கள் மாடுகளும் நலமாக இருக்க முருகன் துணை. இங்கே நான் நலமில்லை. ஜெயா என் நம்பரை பிளாக் பண்ணிட்டா, நீங்களும் போன் எடுக்க மாட்டேங்கிறீங்க, அதனால நாலாம் வகுப்போட நின்ன கை பேனா பிடிச்சிருக்கு. பிழை இருந்தா சிரிச்சுக்குங்க, ஆனா அவகிட்ட படிச்சுக் காட்டுங்க.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு சோதனைக்கூடத்துக்கு வேன் ஓட்டுறது உங்களுக்குத் தெரியும். ஃபேக்டரி ஃபேக்டரியா போய் எண்ணெய் சாம்பிள் எடுத்து வந்து தனுஜாகிட்ட கொடுப்பேன். அந்தப் பொண்ணு கெமிஸ்ட். அதுகிட்ட கேஸ் குரோமட்டோகிராஃபின்னு ஒரு மெஷின் இருக்கு, பேரைச் சொல்றதுக்குள்ள பல்லு கழண்டுடும். உள்ளே ஒரு குட்டி அடுப்பு, அதுல முடி மாதிரி மெல்லிசா நீளக் குழாயைச் சுருட்டி வெச்சிருக்கு. எண்ணெயை மருந்து போட்டுப் பக்குவம் பண்ணி ஊசியால ஒரு துளி குத்தினா, கேஸ் அதைத் தள்ளிக்கிட்டுப் போகும். தைப்பூசத்துல தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறுற கூட்டத்தை நினைச்சுக்குங்க மச்சான், லேசான ஆளுங்க முன்னாடி ஓடிடுவாங்க, நம்மள மாதிரி தொந்திக்காரங்க பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வருவோம். ஒவ்வொண்ணும் வெளியே வரவர கம்ப்யூட்டர்ல ஒரு மலை எழும்பும். தேங்காய் எண்ணெய்னா முன்னாடியே பெரிய மலை. பொரிக்கிற செம்பனை எண்ணெய்னா மலையெல்லாம் பின்னாடி.

ஜெயா தேங்காய் எண்ணெயில செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சுற தலை எண்ணெயைத்தான் எங்க பிளாட் முழுக்க எல்லாரும் கேட்டு வாங்கித் தேய்ச்சுக்குவாங்க. "இதுதான் என் முடியைத் தின்னுச்சு"ன்னு என் வழுக்கையைக் காட்டி நான் கிண்டல் பண்றது கல்யாணம் ஆன நாள்லேருந்து நடக்குது. ஒருநாள் காலையில, அது நிஜமா தேங்காய் எண்ணெய்தானான்னு பார்க்க, அடுப்படியிலிருந்து போத்தலைத் தூக்கிக்கிட்டுப் போய் தனுஜாகிட்ட நீட்டினேன். அது மோந்து பார்த்துட்டு, "அங்கிள், சரியான போத்தல்தானா? கெரோப்போக் அப்பளம் பொரிச்ச வாசம் அடிக்குதே"ன்னுச்சு. எனக்கு அன்னிக்கு மூக்கடைப்பு. "போடும்மா லா, இன்னிக்கு என் பெஞ்சாதி மாட்டுனா"ன்னேன். மலையெல்லாம் பின்னாடி. முன்னாடி ஒரு மேடுகூட இல்லை.

அன்னிக்கு சாயங்காலம் எதிர்வீட்டு ஷரீஃபா பேத்திக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினதும் மெஷின் அடிச்சுக் கொடுத்த தாளை விரிச்சேன். "சகோதர சகோதரிகளே, இத்தனை நாள் நீங்க தலையில தேய்ச்சது பொரிக்கிற எண்ணெய். நான் சொல்லலை, சயன்ஸ் சொல்லுது!"

"அதான் மத்தியானம் ஆனா எனக்கு எண்ணெயில பொரிச்ச பீசாங் கோரேங் ஞாபகம் வருதா!"ன்னா ஷரீஃபா. கூட்டம் உருண்டு சிரிச்சுச்சு. ஜெயா சிரிக்கலை. தட்டைக் கீழே வெச்சா. "சிரிச்சு முடிச்சிட்டீங்களா?"ன்னு மட்டும் கேட்டா. மறுநாள் உங்க வீட்டுக்கு பஸ் ஏறிட்டா.

அப்புறம்தான் அடுப்படிக்குப் போய்ப் பார்க்கிறேன், ஒரே மாதிரி ரெண்டு பழைய ரோஸ் சிரப் போத்தல் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணுல தலை எண்ணெய். ஒண்ணுல கெரோப்போக் பொரிச்ச மிச்சம். நான் தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து வெச்சது மிச்சத்தை.

சரியான போத்தலோட தனுஜாகிட்ட ஓடினேன். "நான் அன்னிக்கே கேட்டேனே அங்கிள்"ன்னு சொல்லிக்கிட்டே குத்துச்சு. முன்னாடியே எழும்புச்சு பாருங்க மலை, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்தத் தாளோட வீடு வீடா போனேன். கதவைத் திறக்கும்போதே சிரிக்கிறாங்க. தப்பு என்மேலதான்னா இன்னும் சிரிக்கிறாங்க. "வாசு அண்ணே, ரெண்டாவது ஜோக் முதல் ஜோக் அளவுக்கு இல்லை"ங்கிறா ஷரீஃபா. இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வெச்ச மூஞ்சி, இப்ப நிஜத்தைச் சொன்னா எடுபடலை மச்சான். யாரும் எண்ணெய் கேட்டு வர்றதில்லை. மூக்கடைப்பு போயிடுச்சு, ஆனா மோந்து பார்க்க வீட்டுல அவ தலைவாசம் இல்லை.

அவ வந்தா, அதே கூட்டத்துக்கு முன்னாடி அந்த எண்ணெயை என் வழுக்கையில நானே ஊத்தித் தேய்ச்சுக்கிறேன். இனிமே யாரையும் கிண்டல் பண்ண மாட்டேன். முருகன் மேல சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் தொழுவம் நிறையட்டும், கன்றுகள் துள்ளட்டும்.

இப்படிக்கு,
புத்தி வந்த
வாசு

பி.கு.: தீபாவளிக்கு நீங்க சுத்தமான பசு நெய்னு கொடுத்தீங்களே, அந்தப் போத்தல் இன்னும் என் வேன்லதான் இருக்கு. திங்கட்கிழமை மெஷின் சும்மாதான் இருக்கும்னு தனுஜா சொல்லுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஜெயாவைக் கொண்டுவந்து விட்டீங்கன்னா, அந்த நெய்யில நான் பேசாம பருப்பு தாளிச்சுடுவேன்.