தொப்பி சாரும் அக்காவின் இரண்டு கைகளும்

அடுத்தவர் தலையை அவ்வளவு ஆசையாகப் பார்க்கும் மனிதர் டயகமத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் வேறு யாருமே கிடையாது. முடி வெட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்னோடு கணிதம் படிப்பித்தவர். நாங்கள் வைத்த பெயர் தொப்பி சார். பாடசாலை விட்டதும் கம்பிகள் தொங்கும் தொப்பியோடு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகக் கிளம்பிவிடுவார். மூளையில் ஓடும் மின்சாரத்தைத் தொப்பி பிடிக்கும். அது எந்த நினைப்பு என்று கணினி பிரித்துச் சொல்லவேண்டும். அதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"தலையக் கொஞ்ச நேரம் தர்றீங்களா?" என்று கேட்டால் சனம் கதவைச் சாத்தும். தோட்டத் தலைவர் மட்டும் நின்று விசாரித்தார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துருமா சார்?"

"இல்லீங்க. எடது கைய நெனைக்கிறீங்களா, வலது கையவான்னு மட்டுந்தான் தெரியும்."

"என்னையக் கேட்டா நானே சொல்லிருவேனே. இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கம்பி?"

கிண்டல் ஒரு பக்கம் இருந்தாலும் காரணம் எங்களுக்குத் தெரியும். கொழுந்து பறித்து இவரைப் படிக்கவைத்த அக்கா செல்வமணி, பாரிசவாதத்தில் பேச்சிழந்து, அசைவிழந்து கிடந்தார். கண் இமைகூடச் சொன்னபடி கேட்காது. அந்த அக்காவிடமிருந்து ஓர் 'ஆமா', ஓர் 'இல்ல' வாங்கத்தான் மனுசன் இத்தனை பாடுபட்டார்.

எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது என்று அவரே அக்காவின் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவார். பிறகு, இடது கையால் கொழுந்து எடுப்பதாக நினைத்தால் 'ஆமா', வலது கையால் என்றால் 'இல்ல' என்பார். கணினியோ உளறும். மாதக் கணக்கில் இதே கூத்து.

கடைசியில் பக்கத்து லயத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைப் பிடித்துத் தொப்பி மாட்டி உட்காரவைத்தார். "எடது கையால மட்டும் பறிக்கிற மாதிரி நெனைங்க."

"ஒத்தக் கையால எப்பிடி சார் பறிக்கிறது? கங்காணி ஏசுவாரு."

தொப்பி சார் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தொப்பியைத் தன் அக்காவுக்கு மாட்டினார்.

"அக்கா, ஆமான்னா ரெண்டு கையாலயும் கொழுந்து எடு. இல்லேன்னா சும்மா இரு. நான் ஒனக்கு அண்ணனா?"

கணினியோடு இணைத்திருந்த பல்பு எரியவில்லை.

"தம்பியா?"

எரிந்தது. மாற்றி மாற்றிக் கேட்டார்; ஒருமுறைகூடத் தப்பவில்லை. பிறகுதான் தயங்கித் தயங்கி, "தொப்பியக் கழட்டிறட்டுமாக்கா?" என்றார்.

கேட்டு வாய் மூடவில்லை, பல்பு பளிச்சென்று எரிந்தது.

இந்தத் தொப்பி வேலையை விடும்படி பாடசாலை அதிபர் சொல்லியும் கேட்காத மனிதர், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் மடமடவென்று கம்பிகளைக் கழற்றினார். அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"சரிக்கா, சரிக்கா," என்றார். "நீ சொல்லிட்டல்ல."