ஆள் எதுக்கு, நான் இருக்கேன்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. குழாய் சொட்டினாலும், கதவு கிறீச்சிட்டாலும், மின்விசிறி முனகினாலும், அடுத்த வீட்டு மிக்ஸி நின்றுபோனாலும், அழைக்காமலே "ஆள் எதுக்கு, நான் இருக்கேன்" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துவிடும் வகை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று சாதிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் எங்காவது ஒரு பை இருக்கும். செத்துப்போன ரேடியோவின் வயர், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, தலை தேய்ந்த ஸ்க்ரூக்கள், எதற்காகவோ வாங்கி எதற்கும் பொருந்தாமல் போன பிளக்குகள், பிசுபிசுத்துப்போன இன்சுலேஷன் டேப், இத்தனையும் அதற்குள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடக்கும். அதைத் தூக்கிப் போட வீட்டில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. கேட்டால் "எதுக்காவது ஆகும்" என்பார்கள். எதற்கு ஆனது? இதுவரை சண்டைக்கு ஆகியிருக்கிறது.

புதிதாக எந்தச் சாமான் வந்தாலும், அதோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தை இவர்கள் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே போட்டுவிடுவார்கள். அது தெரியாதவர்களுக்காக அச்சடித்தது. இவர்களுக்கு வேண்டியது புத்தகம் அல்ல, டார்ச் பிடிக்க ஒரு ஆள். வேலை நன்றாக முடிந்தால் அது இவர்கள் கைராசி. கெட்டுப்போனால் டார்ச் பிடித்தவர் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

நம் ஆடிட்டர் இந்த வகையில் அப்பழுக்கில்லாத மாதிரி. அலுவலகத்தில் யாராவது தன் கணக்கைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு வந்தால் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யற வேலைங்க, நீங்க ஏன் கை வெக்கறீங்க?" என்று கேட்பார். அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்ததும் வாஷிங் மெஷினைக் குப்புறக் கவிழ்ப்பார். அவருக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம் அவர் மனைவிக்கு. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பெரிய பெரிய டாக்டர்களுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்து ஒரு சொல் திட்டு வாங்காதவர், வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து, "வெளிச்சத்த எங்க காட்டறே?" என்ற திட்டைக் கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் ஒரு வீட்டு வண்டி வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி. முதல் பயணமாக மலைக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கரை முகாமுக்குப் போவதென்று இடமும் பதிவாகிவிட்டது. அப்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. தொலைக்காட்சியில் பல காலமாகத் திரைக்குப் பின்னால் செய்தி எழுதிக்கொண்டிருந்த பெண், வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிச் செய்தியை முதன்முறையாகத் தானே வாசிக்கப் போகிறாள். சனிக்கிழமை மாலை இவர்கள் ஏரிக்கரையில் இருப்பார்கள்.

பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடலாம் என்றார் நர்ஸம்மா. ஆடிட்டர் சிரித்தார். வண்டிக் கூரையில் ஒரு டிஷ் வைத்து, உள்ளே டிவிக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால் ஏரிக்கரையில் கால் நீட்டி உட்கார்ந்தே பார்க்கலாம் என்றார். சரி, வண்டி வாங்கின இடத்திலேயே அதற்கென்று ஆள் இருக்கிறாராமே, கூப்பிட்டுவிடலாமா என்று அந்த அம்மாள் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"ஆள் எதுக்கு, நான் இருக்கேன்."

பை இறங்கியது. அதிலிருந்து ஒரு பழைய கேபிள் சுருள் வெளியே வந்தது. புது வண்டியின் கூரையில் அவர் டிரில் மெஷினை வைத்து ஓட்டை போட்டார். ஓட்டை வழியாகக் கேபிளை இறக்கி, அலமாரிக்குள் நுழைத்து டிவி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரும்போதுதான், அங்கே ஏற்கெனவே ஒரு கேபிள் இருப்பதைப் பார்த்தார். வண்டி செய்த கம்பெனிக்காரர்களே கூரையிலிருந்து டிவி வரைக்கும் முழுசாக இழுத்து, இரண்டு நுனியிலும் கனெக்டர் மாட்டி, தூசி படாமல் மூடி போட்டு வைத்திருந்தார்கள். மாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

வேறு யாராவது என்றால் என்ன செய்திருப்பார்கள்? மாட்டியிருப்பார்கள். ஆடிட்டர் அந்தக் கேபிளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கம்பெனிக்காரன் போட்டது. உள்ள என்னத்த வெச்சிருக்கானோ" என்று விட்டுவிட்டார். பிறகு தன் கேபிளைக் கூரையில் நீட்டிப் பார்த்தால், அது டிஷ்ஷுக்கு ஒரு முழம் எட்டவில்லை. கூரை மேல் நின்று சற்று யோசித்தார். யோசித்து என்ன செய்தார் தெரியுமா? கம்பெனி கேபிளின் கூரைப் பக்கத்து நுனியை வெளியே இழுத்து, அதிலிருந்து ஒரு முழம் வெட்டி, தன் கேபிளோடு சேர்த்து முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றி ஒட்டுப் போட்டார்.

முழுசாக இருந்த கேபிளை வெட்டி முழுசாக இல்லாத கேபிளை நீட்டிய அந்த மூளையை என்னவென்று சொல்வது? கீழே நின்ற அந்த அம்மாள் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் பழகிய கை அது.

ஆனால் படம் வந்தது. வீட்டு வாசலில் நின்ற வண்டியில் படம் பளிச்சென்று வந்தது. தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் ஆடிட்டர் உள்ளே அழைத்துக் காட்டினார். தபால்காரர்கூட வானிலை அறிக்கை பார்த்துவிட்டுத்தான் போனார். கேட்டாயா, பார்த்தாயா, ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவு ஆகியிருக்கும் என்று மனைவியிடம் படுக்கப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரிதான். நிற்கிற வீட்டில் போடுகிற ஒட்டை ஓடுகிற வண்டியில் போட்டிருக்கிறோம் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

மலைப்பாதை வண்டியைக் குலுக்கி எடுத்தது. ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்து டிவியைப் போட்டால், "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்து நின்றது. சனிக்கிழமை, சாயங்காலம். மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் முகாம் அது. கைப்பேசியில் ஒரு வார்த்தை பேசுவதே பெரும்பாடு, படம் பார்ப்பது நடக்காத காரியம். ஆடிட்டர் கூரை ஏறினார். டிஷ்ஷைத் திருப்பினார், "வருதா?" என்றார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார், "இப்ப?" என்றார். இப்பவும் இல்லை. "நீ சரியா பாக்கறியா?" என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு "சிக்னல் இல்லை" என்பதைச் சரியாகப் பார்ப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நர்ஸம்மா நினைத்தார்.

பக்கத்தில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இன்னொரு வீட்டு வண்டி நின்றது. அது ஒரு பேக்கரிக்காரருடையது. அவர் வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, தன் வண்டியில் டிவி நன்றாகத் தெரிகிறது, வந்து பார்க்கலாமே என்று மரியாதையாகச் சொன்னார்.

"நீங்களே போட்டீங்களா?" என்று கூரையிலிருந்து கேட்டார் ஆடிட்டர்.

"ஐயோ, எனக்கு என்ன சார் தெரியும். ஆள வெச்சுத்தான் போட்டேன்."

அதற்கு மேல் ஆடிட்டர் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. ஆள் வைத்துப் போட்ட டிவியில் தன் மகளைப் பார்ப்பதா?

ஆறு மணிக்கு இன்னும் சற்று நேரம்தான் இருந்தது. அப்போது அவர் கை தற்செயலாக அந்த ஒட்டின் மேல் பட்டது. உள்ளே சட்டென்று படம் வந்தது. "வந்துடுச்சு" என்று நர்ஸம்மா எழுந்தேவிட்டார். ஆடிட்டர் கையை எடுத்தார். போய்விட்டது. கையை வைத்தார், வந்தது. புதிதாகச் சுற்றலாம் என்றால் டேப் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது, இருந்த கொஞ்சமும் ஒட்டவில்லை. அந்தக் கம்பெனி கேபிளையாவது மாட்டிப் பார்க்கலாமே என்று அந்த அம்மாள் வாய் திறந்தார். அதன் ஒரு முழம் ஆடிட்டரின் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது.

ஆகவே அவர் முழங்காலிட்டு, குனிந்து, ஒட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். படம் வந்தது, உறைந்தது, கட்டம் கட்டமாகச் சிதறியது, மறுபடி வந்தது. அவர் மூச்சு விட்டால் போனது. நர்ஸம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தபோது தான் இரவு டியூட்டியில் இருந்ததும், முதன்முதலில் மேடையேறிப் பாடியபோது அவசர ஆபரேஷன் வந்ததும் நினைவுக்கு வந்தன. இதையாவது அது நடக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். பிறகு பார்த்தால் அது பார்த்ததாகாது.

அடுத்த வண்டியின் ஜன்னலில் பேக்கரிக்காரரின் மனைவி தெரிந்தார். வாயால் ஒன்றும் சொல்லாமல் கையால் வா என்றார்.

நர்ஸம்மா தன் டிவியைப் பார்த்தார். அதில் பச்சையும் நீலமுமாகக் கட்டங்கள் ஓடின. தலையை வெளியே நீட்டி, "நல்லா வருதுங்க. அப்படியே பிடிச்சிட்டிருங்க, அசையாதீங்க" என்றார். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, பக்கத்து வண்டிக்குள் ஏறினார்.

மகள் வந்தாள். வணக்கம் சொன்னாள். அம்மாவின் பழைய முத்துத் தோடு காதில். ஏதோ ஓர் ஊர்ப் பெயரில் தடுக்கி, சிறு வயதில் செய்வதுபோல ஒரு விழுங்கு விழுங்கிவிட்டு, நிமிர்ந்து மேலே வாசித்தாள். நர்ஸம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். பேக்கரிக்காரர் மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மேலே ஆடிட்டர் காதில் மகளின் குரல் விழுந்தது. தன் கேபிள் வழியாகத்தான் அது வருகிறது என்று அவர் நம்பினார். அவருக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது, படம் போய்விடும்.

"தெரியறாளா?" என்றார்.

"நல்லா தெரியறா" என்றார் நர்ஸம்மா, பக்கத்து வண்டியின் ஜன்னலிலிருந்து.

"எப்படி இருக்கா?"

நர்ஸம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவளும் இவர் பெற்ற பிள்ளைதானே. இறங்கி வாங்க என்று கூப்பிட்டால்? கூப்பிட நினைத்தார், உண்மையாகவே நினைத்தார். ஆனால் இந்த மனிதரை அவருக்குத் தெரியாதா? இறங்குவார், இது யார் வண்டி என்பார், இந்த டிஷ் ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறது என்பார், இணைப்பைக் கழற்றிப் பார்ப்பார். செய்தி முடிந்திருக்கும், இந்த வண்டியிலும் "சிக்னல் இல்லை" என்று வந்திருக்கும்.

"அழகா இருக்கா. அசையாதீங்க."

செய்தி முடிந்ததும் அந்த அம்மாள் தன் வண்டிக்கு வந்து டிவியை அணைத்தார். ஆடிட்டர் இறங்கி வந்தார். விரல்கள் மடங்கியபடியே மரத்திருந்தன. கட்டைவிரலில் வயர் அழுந்திய தடம் சிவந்திருந்தது. நர்ஸம்மா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவினார். அப்போது மகளின் போன் எப்படியோ வந்து சேர்ந்தது. அப்பா பார்த்தாரா என்றுதான் முதலில் கேட்டாள். ஆடிட்டர் போனை இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"நான் மட்டும் இல்லன்னா உங்கம்மா உன்னப் பாத்திருக்கவே முடியாதும்மா" என்றார்.

நர்ஸம்மா தலை நிமிராமல் மருந்து தடவிக்கொண்டிருந்தார். சில உண்மைகளை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்தது. அதன் பலன் என்ன தெரியுமா? மறுநாள் காலையில் ஆடிட்டர் பேக்கரிக்காரரின் டிஷ்ஷை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பையை எடுத்துவரச் சொன்னார். பேக்கரிக்காரர் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இனி உங்கள் விஷயம். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, அந்த ஒட்டை வெறுமனே முறுக்காமல் ஒரு கனெக்டர் போட்டிருக்கலாமே, டிஷ்ஷையே ஒரு முழம் தள்ளி வைத்திருக்கலாமே, அங்கே நான் இருந்திருந்தால் என்று உங்கள் கை கொஞ்சம் துறுதுறுத்ததா? துறுதுறுக்கவில்லை என்றால் மகிழ்ச்சி. துறுதுறுத்திருந்தால், பையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் கை வைத்துச் சரிசெய்த ஏதோ ஒன்றைப் பற்றி வீட்டில் ஒரு நாள் "நல்லா வருதுங்க" என்று சொல்லியிருப்பார்களே, அந்தக் குரல் எந்த ஜன்னலிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தீர்களா?