வாயுச் சித்தரின் வேப்பங்கட்டை

செவ்வாய், வெள்ளிகளில் ஒத்தக்கடைப் பக்கம் போகிறவர்கள் யானைமலையைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டி வரிசையைப் பார்த்துவிடுவார்கள். மேலூர் சாலை ஓரம், ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நிற்கும். எல்லாமே பெரிய வண்டிகள். ஏழு பேரை ஏற்றிய பிறகும் ஒரு கன்றுக்குட்டிக்கு இடம் இருக்கும் என்கிற அளவுக்கு உயரமும் அகலமும். ஸ்கூட்டரில் வந்தவனுக்கு அங்கே வேலையில்லை. அங்கிருக்கும் வாயுச் சித்தர் பெரிய வண்டிகளுக்கு மட்டும்தான் பேய் ஓட்டுவார். பேய்களுக்கும் தவணையில் எடுத்த வண்டிதான் பிடிக்கும்போல.

தகரக் கொட்டகை. வாசலில் பலகை: ‘வாகனங்களில் புகுந்த காத்து, கருப்பு, அதிர்வு நீக்கப்படும்.’ அதன் கீழே சின்ன எழுத்தில், ‘ஏசி காத்திருப்பு அறை உண்டு.’ ஆவிகளோடு பேசுகிறவருக்கு வெயிலோடு பேச முடியவில்லை.

அந்த வரிசையில் ஒரு வெள்ளிக்கிழமை நல்லகாமனும் நின்றார். சிம்மக்கல்லில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். வண்டி வாங்கிய அன்று அதை மண்டி வாசலில் நிறுத்தித் தெருவையே அடைத்துவிட்டார். ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள். “திட்டுனாலும் வண்டியப் பாத்துட்டுத்தான திட்றான்” என்று சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு காதுகுத்துக்குப் போகும் வழியில் கெட்டது. மேலூர் நான்கு வழிச் சாலை. வண்டியை ஓட்டியவள் அவர் மனைவி சத்யப்ரியா. நல்லகாமனைவிட அவள் நன்றாக ஓட்டுவாள். இதை நல்லகாமனைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பின்னால் அவருடைய அம்மா முத்துத்தாய். ஏசி ஆகாது. தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

காற்று வந்தது. காற்றோடு அதுவும் வந்தது.

தும், தும், தும், தும். உரலில் யாரோ விடாமல் உலக்கை போடுவது போல. காது அடைத்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முத்துத்தாயின் மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே ஆடியது.

“கண்ணாடிய மூடுங்கத்தே” என்றாள் சத்யப்ரியா. மூடியதும் நின்றுபோனது. திறந்தால் மறுபடி வந்தது.

வண்டி விற்ற இடத்தில் கேட்டார்கள். “பெரிய வண்டில அப்படித்தான் சார் இருக்கும்” என்றான் அங்கே இருந்தவன். பேய் என்றால் நம்பலாம். அப்படித்தான் இருக்கும் என்பதை எந்த மனிதன் நம்புவான்? போதாததற்கு, அலங்காநல்லூர் சாலையில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய நாளிலிருந்து, வேகம் எடுத்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கவும் ஆரம்பித்தது. ஒர்க் ஷாப்பில் காட்டச் சொன்னாள் சத்யப்ரியா. பக்கத்து மண்டிக்காரர் சித்தரிடம் காட்டச் சொன்னார். நல்லகாமன் சித்தரிடம் போனார்.

சித்தர் வண்டியைச் சுற்றி வந்தார். காவி வேட்டி, நெஞ்சுவரை தாடி, குளிர்க் கண்ணாடி. பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். பேய் என்ஜின் பக்கம் இல்லை என்று தெரிந்தது.

“ஓட்டிப் பாத்தாத்தான் அது பேசும்” என்றார்.

சித்தரின் ஆள் கருப்பு ஓட்டினான். பக்கத்தில் நல்லகாமன். பின்சீட்டில் சித்தரும் முத்துத்தாயும். வண்டி நல்ல வேகம் எடுத்ததும் சித்தர் கண்ணை மூடினார்.

“வெளிய நிக்கிது. கெஞ்சுது. உள்ள வரட்டும்.”

பின்பக்கக் கண்ணாடியை இறக்கினார். தும், தும், தும். முத்துத்தாய் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சித்தர் வாய்க்குள் எதையோ அரைத்தார். தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை. திருநீற்றை வீசினார். பாதி அவர் தாடிக்கே திரும்பி வந்தது. பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை முன்னால் நீட்டினார்.

“உன் கையால, உன் பக்கத்துக் கண்ணாடிய எறக்கி, வெளிய எறி.”

நல்லகாமன் கண்ணாடியை இறக்கினார். பழத்தை எறிந்தார். சத்தம் கப்பென்று அடங்கியது.

நல்லகாமனுக்கு மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றன. இம்புட்டு நேரம் அடித்தது ஒரு பழத்துக்குப் பயந்து ஓடிவிட்டதே என்று அழுகையே வந்துவிட்டது.

கொட்டகைக்குத் திரும்பியதும் சித்தர் ஒரு வேப்பங்கட்டையைக் கொடுத்தார். இரண்டு விரல் கனம். சிவப்புப் பட்டில் சுற்றி மஞ்சள் நூல் கட்டியிருந்தது. “இத முன்கதவுக் கண்ணாடிக்கு மேல, இடுக்குல செருகி வச்சிரு. கட்டைய எடுத்துட்டுக் கண்ணாடிய முழுசா மூடுன அன்னைக்கு அது திரும்ப வந்துரும்.”

“ஸ்டியரிங் நடுங்குதே சாமி?”

“போற பேய் சக்கரத்தப் புடிச்சுத் தொங்குது. மெல்லத்தான் விடும். அதுவரைக்கும் ஸ்பேனர் படக் கூடாது. இரும்பு பட்டா அதுக்குக் கோவம் வரும்.” தட்சிணைத் தட்டில் விழுந்த நாணயங்களும் உலோகம்தான். அவற்றால் யாருக்கும் கோபம் வரவில்லை.

கிளம்பும்போது சித்தர் குரலைத் தாழ்த்தினார். “இந்த வண்டில ஒரு பொம்பள கை படுதோ?”

“என் வீட்டுக்காரி ஓட்டுவா சாமி.”

“அதான்” என்றார் சித்தர். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த ஒரு சொல்லில் சத்யப்ரியாவின் கையிலிருந்து சாவி போனது. அவள் சண்டை போடவில்லை. “சக்கரத்தையாவது காட்டுங்க. புள்ளைகள ஏத்திட்டுப் போறோம்” என்று மட்டும் சொன்னாள்.

“ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றார் நல்லகாமன். தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் கட்டையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு செருகினார். கட்டை இருக்கும்வரை சத்தம் வரவேயில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், “நானும் அத்தையும் சாமியப் பாக்க வாரோம்” என்றாள் சத்யப்ரியா. நல்லகாமனுக்கு நம்ப முடியவில்லை. கட்டையின் சக்தி மனைவி வரைக்கும் பாய்கிறதே என்று பூரித்துப்போனார். வழியெல்லாம் ஸ்டியரிங் நடுங்கியது. பூரிப்பில் அவருக்கு அது தெரியவில்லை.

கொட்டகையில் நல்ல கூட்டம். சத்யப்ரியா கும்பிட்டு, பட்டுச் சுற்றிய கட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“சாமி, இதுல சக்தி கொறஞ்சிருச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

சித்தர் வாங்கினார். கண்ணை மூடினார். நெற்றியில் வைத்தார், நெஞ்சில் வைத்தார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது.

“கொறையலம்மா. முன்னைக்கு ரெண்டு பங்கு ஏறியிருக்கு. நீ வண்டிய விட்டு ஒதுங்கி இருந்தேல்ல, அதான்.”

“நூலை அவுத்துப் பாக்கட்டுமா சாமி?”

சித்தர் பதில் சொல்வதற்குள் முத்துத்தாய் நூலை அவிழ்த்துவிட்டார். பட்டு விலகியது. உள்ளே நீல ரப்பர் செருப்பின் குதிகால் துண்டு. தேய்ந்து, நடுவில் குழிவிழுந்து, முள் குத்திய தடத்தோடு இருந்தது.

“என் பழஞ்செருப்பு” என்றார் முத்துத்தாய் கூட்டத்தைப் பார்த்து. “வேப்பங்கட்ட இந்தா இருக்கு.” முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “மாத்தி வச்சு ரெண்டு வாரமாச்சு. பேய் வரவே இல்ல.”

இரண்டு வாரமாகத் தினமும் காலையில் எதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம் என்பது நல்லகாமனுக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாக இமைக்குப் போய்த் துடைத்துக்கொண்டது.

கூட்டத்தில் ஒருவர் சிரிக்க வாய் திறந்தார். சித்தர் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். தொழில் தெரிந்தவர்.

“நான் தொட்டுக் குடுத்த பட்டு அது. பட்டுக்குள்ள எத வச்சா என்ன? தாயோட செருப்பு செருப்பில்ல, பாதுகை. தாயோட பாதுகைக்கு முன்னால எந்தப் பேய் நிக்கும்?”

கூட்டம் “ஆமா, ஆமா” என்றது. பின்னால் ஒருவர் செருப்பைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அன்றைக்கே ரப்பர் செருப்புக்கு ஒரு சன்னதி எழும்பியிருக்கும்.

“சரி சாமி” என்றாள் சத்யப்ரியா. “கட்டையும் வேணாம், பட்டும் வேணாம், செருப்பும் வேணாம். மூணும் இந்த மேசையில இருக்கட்டும். வெறும் வண்டியில நீங்களும் வாங்க, போய்ப் பாப்போம்.”

“நான் பொம்பள ஓட்டுற வண்டியில ஏற மாட்டேன்.”

“நான் ஏறுறேன்” என்று ஒரு குரல் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பிச்சுமணி. அவர் வண்டியில் சித்தர் கொடுத்த கட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று போதாது என்று இடது பக்கத்துக்கும் வாங்கியிருந்தார். படித்தவர் அல்லவா.

பிச்சுமணி முன்னால் உட்கார்ந்தார். நல்லகாமனும் முத்துத்தாயும் பின்னால். சத்யப்ரியா ஓட்டினாள். ஸ்டியரிங் நடுங்கும் அளவுக்கு அவள் வேகம் எடுக்கவில்லை. சத்தம் வரும் அளவுக்கு மட்டும் எடுத்தாள்.

“அத்தே, எறக்குங்க.”

தும், தும், தும். பிச்சுமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“மாமா, மந்திரம் எதுவும் சொல்லாதீங்க. உங்க பக்கத்துக் கண்ணாடிய ரெண்டு விரலுக்கு எறக்குங்க.”

பிச்சுமணி பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது. மேலே ஏற்றினார். தும், தும். இறக்கினார். நின்றது. ஏற்றினார், இறக்கினார். ஒரு கட்டத்துக்கு மேல் அவர் சோதனை செய்யவில்லை, விளையாடினார்.

“என்னம்மா இது?”

“பெரிய கூண்டு மாமா. ஒரே ஒரு வாய் தெறந்திருக்கு. சோடா பாட்டில் வாயில ஊதுனா ஊம்முனு வருமில்ல, அதே கதைதான். பாட்டில் பெருசுங்கறதால ஊம்முனு வராம தும்முனு வருது. இன்னொரு வாயத் தெறந்துவிட்டா காத்துக்கு வழி கெடச்சிரும். கட்டையும் செருப்பும் கண்ணாடிய மூட விடாம செஞ்சது அதத்தான்.”

“நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

“கண்டுபிடிக்கல்லாம் இல்ல. இவரு மண்டியில இருந்தப்ப நானும் அத்தையும் இன்னொரு சாவியப் போட்டு வண்டிய எடுத்தோம். கட்டையக் கழட்டி வச்சிட்டு அவங்க சன்னல எறக்குனாங்க. எனக்குக் காது வலிச்சுச்சு. என் பக்கமும் எறக்குனேன். நின்னுருச்சு.”

பின்சீட்டில் இருந்த நல்லகாமனுக்கு எலுமிச்சம்பழம் எறிந்த நாள் கண்முன் வந்தது. சித்தர் ஓட்டிய பேயை உண்மையில் ஓட்டியது தன் சுட்டுவிரல்தான் என்று விளங்கியது. அந்த விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பிச்சுமணி கீழே இறங்கக்கூட இல்லை. தலையை வெளியே நீட்டி, “கண்ணாடிதான்யா. வெறுங் கண்ணாடி. எல்லாரும் போய் உங்க வண்டியில பாருங்க” என்றார். ஒரு வண்டி கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மேலூர் சாலை முழுக்கப் பெரிய வண்டிகள் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் போய்க்கொண்டிருந்தன. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் இது என்ன வியாதி என்று பார்த்தார்கள்.

கொட்டகையில் மிஞ்சியவன் கருப்பு மட்டும். சித்தர் ஏசி அறையின் பின்வாசல் வழியாக, யாருடைய ஸ்கூட்டரிலோ தொற்றிக்கொண்டு போய்விட்டார்.

“ஒனக்குத் தெரியுமாய்யா இது?” என்று கேட்டார் நல்லகாமன்.

“எண்பதுல ஓட்டுன்னுவாரு, ஓட்டுவேன். நாப்பதுல போனா பேய் வராதுண்ணே” என்றான் கருப்பு. “முன்னாடி அவரு கார் விக்கிற எடத்துல வேல பாத்தாரு. ஓட்டிப் பாக்க வர்றவங்க இந்தச் சத்தத்தப் பத்திக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடம் ஆயிருச்சு. அங்க உண்மையச் சொன்னாரு, எவனும் நம்பல.”

சத்யப்ரியா வண்டியை நேரே டயர் கடைக்கு விட்டாள். பேய் தொங்கிக்கொண்டிருந்த முன்சக்கரத்தைக் கழற்றினார்கள். கடைக்காரர் அதை உருட்டி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உட்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். டயரின் விலாவில் ஒரு வீக்கம், பூரி உப்பியது போல. உள்ளே நூல் அறுந்து, மேல்தோல் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இதுலயா ஓட்டிட்டு வந்தீங்க?” என்றார் கடைக்காரர். “வேகத்துல போகும்போது இது வெடிச்சிருந்தா?”

நல்லகாமன் பக்கத்தில் கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு எவ்வளவு வேகத்தில் போனார் என்று நினைவு வந்தது. இருந்த பேய் இது ஒன்றுதான். அதைத்தான் தொடக் கூடாது என்று சொன்னார் சித்தர், நல்லகாமனும் தொடவில்லை.

முத்துத்தாய் மகன் பக்கத்தில் வந்து நின்றார். “எனக்கும் புத்தி இல்லைய்யா. அன்னைக்கு அந்தச் சாமியாரு திருநீற வீசுனப்ப நானுந்தான் கும்பிட்டேன்” என்றார்.

நல்லகாமன் எழுந்து, சாவியை மனைவியிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லை.

“வீட்டுக்கு நீயே ஓட்டு” என்றார்.

“பொம்பள கை படுமே.”

“படட்டும்.”

சித்தர் இப்போது வேறொரு சாலையில், ஏசி குளிராத வண்டிகளுக்குச் சூரிய தோஷம் கழிக்கிறாராம். அங்கேயும் வரிசை நிற்கிறதாம். போன வாரம் மண்டிக்கு வந்த ஒருவர் நல்லகாமனிடம் மெல்லக் கேட்டார்: “அண்ணே, என் வண்டிலயும் தும்தும்முனு அடிக்கிது. நீங்க போன சாமியோட புது வெலாசம் தெரியுமா?”

நல்லகாமன் தராசை விட்டு நிமிர்ந்தார்.

“மொதல்ல இன்னொரு கண்ணாடிய எறக்கிப் பாருய்யா. அதுக்கப்புறமும் பேய் இருந்துச்சுன்னா, அது ஓட்டுறவன் சீட்டுலதான் ஒக்காந்திருக்கு.”