பூட்டு சாரின் நாலாவது பாஸ்வேர்ட்

"நெட்வொர்க்கே காணோம்ங்க!" என்று அடுத்த அறையிலிருந்து டீச்சர் கத்தினார்.

"காணக் கூடாது. பேரை மறைச்சு வெச்சிருக்கேன்" என்றார் பூட்டு சார் பெருமையாக. "திருடனுக்குத் தெரியக் கூடாதில்ல?"

"திருடன் கிடக்கட்டும். எனக்கே தெரியலையே!"

பூட்டு சார் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். மேஜை டிராயரைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பட்டப்பெயர் அப்படி வந்தது. டீச்சர் அவருடைய மனைவி, வீட்டிலிருந்தே கணக்குப் பாடம் எடுப்பவர். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு அறை, நடு ஹாலில் வைஃபை பெட்டி.

அன்று நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். வீட்டு இணைப்பு பத்திரமானது என்று கையெழுத்து விழுந்தால், திங்கள்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலை. விழாவிட்டால் பழையபடி போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, பஸ் கம்பியில் தொங்கல். பன்னிரண்டு வருஷம் தொங்கித் தன் வலது கை இரண்டு அங்குலம் நீண்டுவிட்டதாக அவர் சத்தியமே செய்வார்.

முணுமுணுத்துக்கொண்டே பேரை வெளியே காட்டினார். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றினார்.

"அதை ஒரு பேப்பர்ல எழுதித் தாங்களேன்."

"எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்."

"அப்ப போன்ல அனுப்புங்க."

"வேற வினையே வேண்டாம்! நடுவுல புகுந்து படிச்சுடுவான். வாயால சொல்றதுதான் பத்திரம். தடயமே இருக்காது. அடி... பெரிய கே, சின்ன எம், நாப்பத்தஞ்சு..."

"என்ன எம்?"

"சின்ன எம்! சின்ன எம்!"

டீச்சருக்கு இணைப்பு கிடைத்தது. சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா மனுஷர்? 'இந்த இரண்டு கம்ப்யூட்டரைத் தவிர யாரையும் உள்ளே விடாதே' என்று பெட்டிக்குக் கட்டளை போட்டார். மனைவியின் கம்ப்யூட்டர் அடையாளக் குறியீட்டைச் சரியாக அடித்தார். தன்னுடையதில் ஒரு எழுத்து பிசகியது.

"அடப்பாவி! என் வீட்டுலேருந்து என்னையே வெளியே தள்ளிடுச்சு!"

"நல்ல செக்யூரிட்டிதான்" என்றார் டீச்சர்.

வேறு வழியில்லாமல் பெட்டியின் பின்புற ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினார். அத்தனையும் அழிந்தது. மணி மூன்றரை. வேர்த்துக் கொட்டியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மூன்றாவது பாஸ்வேர்டைக் கத்தினார். "பெரிய ஆர், சின்ன பி, முப்பத்தேழு, ஸ்டார்!" டீச்சருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை கத்தினார்.

"வந்துடுச்சு" என்றார் டீச்சர்.

"வந்து என்ன பிரயோஜனம்? ரெண்டு தடவை சொல்லியாச்சு. எச்சில் பட்ட பாஸ்வேர்ட். மாத்தறேன்."

"உங்களைக் கட்டினதுக்கு ஒரு பூட்டையே கட்டியிருக்கலாம்!"

நாலாவது பாஸ்வேர்டும் அதே வழியில், அதே சத்தத்தில் ஹாலைத் தாண்டிப் போனது.

நாலு மணிக்கு வந்த ஆபீஸ் அம்மா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு டிக் போட்டார்.

"பாஸ்வேர்டை எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"சேச்சே!"

"யாருக்காவது அனுப்பினீங்களா?"

"உயிரே போனாலும் மாட்டேன் மேடம்."

அந்த அம்மா அசந்தேபோனார். பேனாவைத் திறந்தார். "கடைசியா ஒண்ணு. இணைப்பைத் துண்டிச்சு, பாஸ்வேர்ட் போட்டு மறுபடி சேர்த்துக் காட்டுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

பூட்டு சார் துண்டித்தார். விரல் கீபோர்டுக்கு மேல் அப்படியே நின்றது. திரையில் கட்டம் காத்திருந்தது. பஸ் கம்பி கண்ணில் ஆடியது.

"முப்பத்தேழு..." என்று டீச்சர் மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

"முப்பத்தேழா?" என்றார் அவர் பரிதாபமாக.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க்கட்டட பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பத்தேழு மூணாவது சார்! இப்ப ஓடறது பெரிய டி, சின்ன ஜி, எண்பத்தாறு, ஸ்டார். அஞ்சாவது மாத்தும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, எங்க மேல்மாடிக்காரருக்குக் காது மந்தம்!"