குடம் ஜோடி சேர்த்த குரோமோசோம்

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவைப் போல உயிரியல் படித்த தெரு உலகத்திலேயே கிடையாது. படிக்க வைத்தவள் ஒருத்திதான். அவள் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் அவள் குரோமோசோம்.

விலங்கியல் பட்டத்தில் அவளுக்கு ஒரு தாள் பாக்கி. அதில் தேறினால் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை தயார். ஒவ்வொரு முறையும் கவிழ்த்தது மியாசிஸ் என்கிற செல் பிரிவுப் பாடம். குரோமோசோம்கள் முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் ஜோடி சேர வேண்டும். இவள் மாற்றி எழுதிவிடுவாள். "பேனாவ எடுத்தாலே கை ஜோடி சேத்துடுதுடி" என்பாள் என்னிடம்.

அவளால் தெரு பட்ட பாடுகளை வரிசைப்படுத்தினால், முதலிடம் பக்கத்து வீட்டில் நடந்த பெண் பார்க்கும் படலத்துக்கு. மாப்பிள்ளையின் அம்மாவிடம், "மூக்கு உங்க பக்கம், காது அவங்க அப்பா பக்கம். முடிதான் யாரு பக்கம்னு தெரியல, கொட்டிடுச்சி" என்றாள். சம்பந்தம் கேசரியோடு முடிந்தது. இரண்டாவது, பூனைக்குட்டிகளுக்கு அப்பன் யாரென்று சுவரில் அட்டவணை ஒட்டியது. கடுவன் பூனை வளர்த்தவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது, தேர்வுக்கு முந்தின நாள். மணலியில் வேலை முடிந்து நான் வந்தபோது, தண்ணீர் லாரிக்குப் போட்டிருந்த குட வரிசையைக் காணோம். வரிசையில் இருந்த ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் இன்னொரு குடத்தை வீடு வீடாக நுழைந்து எடுத்துவந்து, இரண்டிரண்டாகக் கழுத்தில் நாடா கட்டியிருந்தாள்.

"மொதல்ல நகல். இப்ப ஜோடி." ஒரு சிவப்புக் கட்டின் அருகே இன்னொரு சிவப்புக் கட்டை வைத்தாள். "இது அம்மா குடுத்தது, இது அப்பா குடுத்தது."

"எங்கப்பன் எங்கமே கொடம் குடுத்தாரு? சீட்டு புட்ச்சி நா வாங்கனது" என்றாள் எதிர்வீட்டு செல்வி அக்கா.

அதற்குள் லாரி வந்துவிட்டது. யார் முதல், யார் கடைசி என்று தெரியவில்லை.

"இன்னாமே பண்ணி வச்சிகீற? என் கொடம் எங்க கீது?" செல்வி அக்காவின் கை அவள் சடைக்குப் போனது.

குரோமோசோம் லாரியைப் பார்த்தாள். பின்னால் இரண்டு குழாய்கள். "அக்கா, ஜோடி பிரியணும். ஒரு கட்டு இந்தக் கொழாய்க்கு, ஒண்ணு அந்தக் கொழாய்க்கு. அப்புறமா நாடாவ அவுருங்க."

வேறு வழியில்லாமல் தெருவே மியாசிஸ் செய்தது. எல்லாக் குடமும் நிறைந்தது.

"நாளிக்கி மட்டும் நீ பெயிலாவு, அப்ப கீது ஒனக்கு" என்றாள் செல்வி அக்கா.

தேறிவிட்டாள். வேலைக்குப் போன முதல் நாள், தெருவே பஸ் நிறுத்தத்துக்கு வந்து அவளைப் பாரிமுனை பஸ்ஸில் ஏற்றிவிட்டது. பஸ் நகர்ந்ததும் எல்லோரும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டோம். பிறகு ஏனோ யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.